பழைய யந்திரமும் பரம்பரைத் தொழிலும்

“எதற்கும் நீங்கள் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும், ஸார்” என்று பையன் ஒருவன் சென்ற மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பையன் என்கிறேனே தவிர, வயது 28 ஆகிறது. ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கணக்கு நோட்டில் நாற்காலிப் படம் வரைந்து கொண்டிருந்தவன். பரம்பரைத் தச்சுத் தொழில். கோயமுத்தூருக்கு அருகே பட்டறை ஒன்றை மூடுகிறார்களாம். அங்கே மர வேலை யந்திரம் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். அறுப்பது, முகம் இழைப்பது, கனத்தைச் சீராக்குவது, துளையிடுவது ஆகிய நான்கு காரியங்களையும் ஒரே மோட்டாரைக் கொண்டு செய்யும் கூட்டு யந்திரம் அது. கையிலிருந்த பணமோ தாயாரின் நகையை அடகு வைத்து வாங்கியது. அதனால்தான் எனக்கும் கவலை உண்டாயிற்று.

அவனுடைய தகப்பனாரும் எங்களுடன் வந்தார். யந்திரம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. ஆனால், பரீட்சை செய்தது அவர்தான்! பளபளவென்று பூசியிருந்த புதுப் பச்சை வர்ணத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரான இரும்புச் சட்டம் ஒன்றை இழைக்கும் மேஜையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். மேஜை வளைந்திருந்தால் எந்த ஆசாரியாலும் அதில் நேரான பலகை இழைக்க முடியாது. பிறகு கத்தி உருளையைக் கையால் தூக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று சோதித்தார்.

“ஓட்டிக் காட்டுங்கள்” என்றோம். “கரண்டு இல்லையே” என்றார் விற்பவர். “வரும் வரையில் இருக்கிறோம்” என்று சொல்லி, டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஓட்டியதும் உள்ளே ஒரு முனகல் கேட்டது. பேரிங் தேய்ந்திருந்தது! அதை மாற்றும் செலவு விலையில் குறைந்தது. வாத்தியார் என்ற முறையில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: “மோட்டார் மூன்று பேஸ் ஆயிற்றே, உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பேஸ்தானே?” புது இணைப்புக்கான செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே பணம் கை மாறியது.

யந்திரம் வந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பமாயிற்று. வளைந்த பலகையை நேரே கனம் சீராக்கும் பக்கத்தில் விட்டான். வளைந்தபடியே வெளியே வந்தது. உருளைகள் அதை அழுத்திப் பிடிக்கும்போது நிமிர்கிறது. விட்டதும் பழையபடி வளைகிறது. முதலில் ஒரு முகத்தை நேராக இழைத்துக் கொண்டு, அந்த முகத்தை ஆதாரமாக வைத்துத்தான் மறு முகத்தைச் சீராக்க வேண்டும். மேலும், ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் பூட்டியிருந்த அளவு கலைந்து போகிறது. ஆகையால், எல்லாப் பலகைகளையும் இழைத்து முடித்த பிறகே அறுப்புக்குப் போவது என்று வழக்கப்படுத்திக் கொண்டான்.

ஒரு நாள் மாலை அறுத்துக் கொண்டிருந்த துண்டு வாளில் சிக்கி, அம்பு போல் பின்னோக்கிப் பாய்ந்தது. அவன் சற்று ஒதுங்கி நின்றதால் பிழைத்தான். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. வாளுக்குப் பின்னால், அறுபட்ட பிளவு மூடிக் கொள்ளாமல் காக்கும் தகடு ஒன்று நிற்க வேண்டும். விற்பவர் அதை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார். “அது இல்லாமலே பத்து வருஷம் ஓடிற்று” என்று அவர் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். என் தவறும் அதில் உண்டு.

“உளி கையைக் கிழித்தால் தையல் போடலாம், தம்பி. இது கிழித்தால் தைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது” என்றார் பெரியவர். மறு நாளே எஃகுத் தகடு ஒன்றை, வாளின் தகட்டைவிடச் சற்றுக் கனமாகவும் வாள் போடும் பிளவைவிட மெல்லியதாகவும் தேய்த்துப் பொருத்தினார். வாளுக்கு மேல் மூடியும் போட்டார். அதன் பிறகே கொட்டகைக்குள் காலடி வைத்தார். நானோ மரத்தூளுக்காக முகமூடி வாங்கிக் கொடுத்தேன். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது.

மகாத்மா காந்தி யந்திரத்தையே வெறுத்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். 1924-ஆம் ஆண்டில் இதைப் பற்றிக் கேட்டபோது, தாம் எதிர்ப்பது யந்திர மோகத்தைத்தான் என்று விளக்கி, தையல் யந்திரத்துக்கு விலக்கும் அளித்தார். மனிதனுடைய சிரமத்தைக் குறைப்பது வேறு, மனிதனையே வேண்டாதவனாக்குவது வேறு அல்லவா?

இப்போது கனமான அறுப்பும் இழைப்பும் யந்திரத்தின் பொறுப்பு. கழுந்தும் துளையும் பொருந்துவது மட்டும் பெரியவரின் உளிக்கே உரியது. அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. ஆனால், பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. அவை இருந்தால் நகையும் ஒரு நாள் வீடு வந்து சேரும்.