தகுதிச் சான்றா, தகுந்த சான்றா?

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதும் தகுதி யாருக்கு உண்டு? பட்டம் பெற்றவருக்கா, மேடையில் வாசித்தவருக்கா, அந்த இனத்தில் பிறந்தவருக்கா?

1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்ற நூல், டிரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனின் நினைவுகளைப் பெரிதும் நம்பியது. நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் முன்னோடி படி போல்டனுடன் 1895இலேயே வாசித்ததாக அவர் சொன்னார். நேரில் கண்டவராயிற்றே, யார் மறுப்பார்? ஆனால் அவர் 1889 வாக்கில்தான் பிறந்திருப்பார் என்கின்றனர் பிற்கால ஆய்வாளர்கள். அப்படியானால் அன்று அவருக்கு வயது ஆறு! அதே நூல் போல்டனை முடிதிருத்தும் கடைக்காரர் என்றது. பழைய நகரப் பதிவேடுகளைப் புரட்டிய டொனால்ட் மார்குவிஸ், 1978இல் அதையும் மறுத்தார்.

சரி, பட்டம்தான் அளவுகோலா? 1968இல் ‘எர்லி ஜாஸ்’ எழுதிய குந்தர் ஷுல்லர் உயர்நிலைப் பள்ளியையே முடிக்காதவர். ஆனால் இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டு, இசைக்குறிப்பாக எழுதிக் காட்டினார். எவரும் சரிபார்க்கலாம்.

வெள்ளையின விமர்சகர்கள் இசையைப் பார்த்தார்கள், அதைப் பெற்றெடுத்த கறுப்பின மக்களின் வாழ்வைப் பார்க்கவில்லை என்று 1963இல் சாடினார் அமிரி பராகா. நியாயமான குற்றச்சாட்டு. அதற்கும் தீர்வு, பிறப்பைக் கேட்பதன்று. இன்னும் ஆழமாக அறிவதே.

சொல்பவரைப் பாராமல் உண்மையைப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். நண்பர்களே, நாளை பட்டச் சுருளோடு எழுத வருவோம். அப்போது, “நீ யார்?” என்று கேட்பவரைவிட, “ஆதாரம் எங்கே?” என்று கேட்பவரையே மதிப்போம்.