வானவழியும் வாயிற்படியும்

தூரத்தைக் காதத்தால் அளந்தது நம் முன்னோர் வழக்கு. மணிக்கணக்கால் அளப்பது நம் காலத்து வழக்கு. ஆயின் அவ்வளவுகோல் எவ்விடத்தே தொடங்கி எவ்விடத்தே முடிகின்றது என்பதை நம்மிற் பலர் ஓர்ந்து பார்ப்பதில்லை.

காரைக்குடியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் கடல்கடந்த நாடுகளோடு பிணைத்தது வாணிகம். பர்மாவிற்கும் மலேயாவிற்கும் முகவராய்ச் சென்ற நகரத்தார் மூன்றாண்டுத் தவணை முடித்தே ஊர் மீளுதல் வழக்கம். நாகப்பட்டினத்தினின்று பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியோர் பல நாட்களைக் கடலிற் கழித்தனர். 1985-ஆம் ஆண்டில் 'சிதம்பரம்' என்னுங் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியபின் அப்போக்குவரவும் ஒழிந்தது. இன்று திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட வானவழித் தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்; கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். இவ்வழிகளை விமானம் ஏறக்குறைய 4 மணி நேரத்திற் கடக்கின்றது.

பயணச்சீட்டை மட்டும் நோக்குவோர் இங்கு மயங்குதலும் உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதினும் 2½ மணி முந்தியது. நள்ளிரவு 12 மணிக்கு ஈண்டுப் புறப்பட்டோர் ஆண்டு இறங்குங்கால் காலை 6.30 ஆகியிருக்கும், மீளும்போதோ அதே பயணம் 1½ மணியே போலத் தோன்றும். இது கடிகாரம் செய்யும் மாயமன்றி விமானத்தின் வேகமன்று.

இனித் தரைவழியைக் கணக்கிடுவோம். காரைக்குடியினின்று புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்தை அடையக் காரிற் செல்வோர்க்கும் ஏறத்தாழ 2 மணி நேரம் வேண்டும். அயல்நாடு செல்வோர் 3 மணி முன்னதாக வருதல் நன்றென்பர். இறங்கியபின் குடிவரவுச் சோதனைக்கும் மூட்டைகளுக்கும் காத்திருத்தல் 1 மணி எனக் கொள்வோம். ஆகப் பத்து மணியில் வானிற் கழிவது நான்கே. எஞ்சிய ஆறும் மண்ணிற் கழிகின்றன. காருடையார்க்கே இக்கணக்கு. கூலிவேலைக்குச் செல்லும் ஏழை இளைஞனுக்கும், மகனைக் காணச் செல்லும் முதிய தாய்க்கும் அவ்விரண்டு மணி வழி ஓரிரவாக நீளுதல் கூடும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செட்டிநாட்டருகே அமைந்த பழைய விமானத்தளத்தைப் புதுக்கவேண்டும் என்பார் உளர். அவ்விருப்பத்தை நாம் இகழோம். ஆயினும் கோபுரம் கட்டப் புகுவோன் முன்னதாக அமர்ந்து செலவைக் கணிக்கவேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாற் கற்பித்தார். ஒருபால் மதுரையும் ஒருபால் திருச்சியும் இருக்க, இடைநின்ற சிறு தளத்தில் சென்னை செல்லும் சிறு விமானங்கள் வந்திறங்கலாம். சிங்கப்பூர் செல்வோன் அப்பொழுதும் திருச்சிக்கே போதல் வேண்டும். அவன் இழக்கும் மணிகளை அத்தளம் மீட்டுத் தாராது.

திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையிலேயே, நம் ஊரை நோக்கிய பக்கத்தே அமைந்துளது. விமானங்கள் வரும் நேரத்திற்கும் போகும் நேரத்திற்கும் ஒத்து, இரவிலும் தவறாது, காரைக்குடிக்கும் அந்நிலையத்திற்கும் இடையே நேர்ப்பேருந்துகள் ஓடுமாயின், மிகச் சிறு செலவில் மிகப் பலர் பயனடைவர். வானிற் கழியும் நான்கு மணியைக் குறைத்தல் நம்மால் ஆகாது. தரையிற் கழிவனவற்றைக் குறைத்தல் ஆகும். ஆவதை முன்னர்ச் செய்தலே அறிவுடைமை.

பொருள்வயிற் பிரிந்தோன் வரவை நாளெண்ணிக் காத்திருப்போர்க்கு வழி முடிவது விமான நிலையத்தில் அன்று. தம் வீட்டு வாயிற்படியிலேயாம். அப்படிவரை அளப்பதே மெய்யான அளவு.