குடிக்காதவருக்கும் ஈரல் நோயா?

கேள்வி: என் ராத்தாவுக்கு வயது 48. ஒரு வருடமாக உடம்பெல்லாம் அரிப்பு; இரவில் தூக்கமில்லை; எந்நேரமும் களைப்பு. பூசாத களிம்பில்லை. இப்போது இரத்தத்தைச் சோதித்து, 'ஏ.எம்.ஏ. இருக்கிறது, ஈரல் நோயாக இருக்கலாம்' என்கிறார்கள். மதுவின் வாடையே அறியாத எங்கள் வீட்டில் இப்படியொரு நோயா? வெளியில் சொல்லவும் கூச்சமாக உள்ளது. இது மற்றவர்களுக்குத் தொற்றுமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: கூச்சம் வேண்டாம், சகோதரி. ஈரலைக் கெடுப்பது மது மட்டுமல்ல. கிருமிகளை எதிர்க்க நமது உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. சிலரில் இந்தக் காவற்படை தடுமாறி, சொந்த உறுப்பையே பகையாகக் கருதிவிடுகிறது. அதன் அடையாளமாக இரத்தத்தில் தோன்றுபவையே தன்பிறபொருளெதிரிகள்.

ஏ.எம்.ஏ. என்பது கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகளுக்கு எதிரானது. ஈரலின் சிறு பித்தக்கான்கள் மெல்ல மெல்ல அழியும் ஒரு நோயுடன் இதற்குள்ள தொடர்பை 1965இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்நோயாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது காணப்படும். பெரும்பாலானோர் நடுவயதுப் பெண்கள். அரிப்பும் களைப்பும் இதன் முக்கிய அறிகுறிகள்.

முன்னர் இந்நோயின் பெயரில் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. பலருக்கு ஈரல் சுருங்கும் நிலையே இல்லாதிருந்தும், அப்பெயர் வீண் பயத்தையும் குடிப்பழக்கம் என்ற பழியையும் தந்தது. 2015இல் அச்சொல் நீக்கப்பட்டது.

இன்னொரு வகையான தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியில் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ. என்பன காணப்படும், சிறுவர் சிலரில் எல்.கே.எம்.-1 இருக்கும். அதற்கு பிரெட்னிசொலோன், அசதயோபிரின் போன்ற மருந்துகள் உண்டு. ஏ.என்.ஏ. நல்ல சுகதேகிகளிலும் இருக்கலாம். எனவே இரத்த அறிக்கையின் ஒரு வரியை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது.

ராத்தாவுக்கு அல்கலைன் பொஸ்பட்டேசு அளவும் நீண்ட நாட்களாக உயர்ந்திருந்தால், பெரும்பாலும் ஈரற் துண்டெடுத்துச் சோதிக்காமலே நோயை உறுதிசெய்யலாம். ஏ.எம்.ஏ. அளவு கூடியிருப்பதால் நோய் கடுமை என்று அர்த்தமில்லை. உர்சோடியொக்சிகோலிக் அமிலக் குளிசை பலரில் நோயின் வேகத்தைத் தணிக்கிறது. அதை நெடுங்காலம் எடுக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. இக்குளிசையால் அரிப்பு அடங்காவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

இது தொற்றாது. ஒரே பாத்திரத்தில் உண்ணலாம். ஆயினும் உடன்பிறந்த பெண்களுக்கும் மகள்மாருக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். நீங்களும் ஒருமுறை ஈரற் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.