கோபம் அவருடையதா, குளிசையுடையதா?



ஆறு மாதத்துக்கு முன் ஒரு தாய் தன் மகளோடு வீட்டுக்கு வந்தார். "மௌலவி, மருமகனுக்கு யாரோ செய்வினை செய்திருக்கிறாங்க. ஓதிப் பார்க்க வேணும்" என்றார். மகளோ, பஸஹ் கேட்டுக் காதியாரிடம் போகலாமா என்றாள். ஒருநாளும் சத்தம் போட்டறியாத மனிதர், இப்போது தேநீரில் சீனி குறைந்தாலும் கோப்பையை எறிகிறாராம். வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் குசினிக்குள் ஒளிக்கிறார்களாம்.

எப்போதிருந்து என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணினாள். வலிப்புக்குப் புதுக் குளிசை தொடங்கி இரண்டாம் கிழமையிலிருந்து!

பெட்டியைப் பார்த்தேன். லெவெடிரசெட்டாம். (என் தங்கைக்கும் வலிப்பு உண்டு, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.) வலிப்பை நன்றாக அடக்கும் மருந்துதான். ஆனால் சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலும் மூர்க்கமும் மனச்சோர்வும் வரும். அரிதாக, இல்லாத குரல் கேட்கும். உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். இதைத்தான் நாம் ஜின் என்கிறோம், குணம் மாறிவிட்டது என்கிறோம்.

ஓதிக் கொடுத்தேன். கூடவே, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் டொக்டரிடம் போகச் சொன்னேன். மனைவியும் கூடப் போய் வாய்திறந்து சொல்ல வேண்டும். கோபப்படுகிறவருக்குத் தன் கோபம் நியாயமாகவே தெரியும். குளிசையை மட்டும் வீட்டிலே நிறுத்திவிடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

வேறு குளிசைகளுக்கும் இப்படி விசித்திரங்கள் உண்டு. டொபிரமேட் குடிப்பவருக்குச் சொல்ல வந்த வார்த்தை நாவில் வராது, விரல்கள் கூசும், சோடா சப்பென்றிருக்கும். சிறுநீரகக் கல்லும் வரலாம். ஆகவே நோன்பு பிடிக்குமுன் டொக்டரிடம் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. பினைட்டோயினால் முரசு தடித்து வளரும். கார்பமசெபின் குடித்த சிலருக்குக் கேட்கும் ஓசையெல்லாம் சற்றுச் சுருதி இறங்கிக் கேட்டதாக ஜப்பானிலிருந்து பதிவுகள் உள்ளன. இந்த இரண்டும் கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கும். இதைப் பெண்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

டொக்டர் வேறு மருந்தைத் தொடங்கி, பழையதைப் படிப்படியாகக் குறைத்தார். பஸஹ் பேச்சு இப்போது இல்லை. ஆனால் அந்த மகளிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: கை நீட்டினால், மருந்துதானே என்று பொறுத்திருக்காதே, பிள்ளைகளோடு உம்மா வீட்டுக்கு வந்துவிடு, மற்றதைப் பிறகு பேசலாம்.