ஒரு தடவை அளந்தா அது அளவே இல்லைங்க

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு எழுத வச்சது கோபம். முதல்ல என் மேல, அப்புறம் கொஞ்சம் உங்க மேலயும். படிச்சுட்டுத் திட்டணும்னா திட்டுங்க.

2024 செப்டம்பர் கடைசியில ஒரு நாள், மயூர் விஹார் மெட்ரோ பிளாட்பாரத்துல நின்னுட்டிருந்தப்ப ஒரு செய்தி கண்ணுல பட்டது. சீனாவுல ஸ்டெம் செல் வச்சு சர்க்கரை நோயைக் குணப்படுத்திட்டாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்புல தட்டிவிட்டேன். கூடவே நாலு வார்த்தை: "அப்பா, இன்னும் கொஞ்ச நாள்தான். ஊசிக்கு டாட்டா!" வண்டி வந்தது, ஏறினேன், மறந்துட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்கப்பா மறக்கலை. அவருக்கு 71 வயசு, 18 வருஷமா சர்க்கரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு இன்சுலின். "புது வைத்தியம் வரப்போகுதாம், அதுவரைக்கும் உடம்பைக் குத்திக் குத்திப் புண்ணாக்குவானேன்"னு முதல்ல ராத்திரி ஊசியை நிறுத்தினார். அப்புறம் காலை ஊசியையும். அம்மா கேட்டதுக்கு, "பிள்ளை டெல்லியில இருக்கான், விவரம் தெரியாமலா அனுப்புவான்?"னு சொல்லியிருக்கார்.

பன்னிரண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டுல இருந்து எனக்குப் போன். சர்க்கரை 462, குதிகால்ல புண், ஆஸ்பத்திரி. மதுரைக்கு பிளைட் பிடிச்சு ஓடினேன். டாக்டர் கேட்டாங்க, "ஊசியை நிறுத்தச் சொன்னது யாரு?" அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "யாரும் சொல்லலைம்மா, நானாத்தான்"னார்.

அந்தப் பார்வையோட நாலு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அப்பதான் அந்தச் செய்திக்குப் பின்னால இருந்த ஆய்வை உருப்படியாப் படிச்சேன். அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

விஷயம் இதுதான். அந்தப் பொண்ணுக்கு 25 வயசு, தியான்ஜின்காரங்க. டைப் 1 சர்க்கரை. அவங்க உடம்புல இருந்தே எடுத்த செல்லை மாத்தி, இன்சுலின் சுரக்கிற செல்லாக்கி வயித்துல வச்சாங்க. ரெண்டரை மாசத்துல வெளி இன்சுலின் தேவைப்படலை. நிஜமாவே பெரிய வேலை, அதை நான் குறை சொல்லலை. ஆனா ஆள் ஒருத்தர். அதுவும் ஏற்கெனவே கல்லீரல் மாற்று ஆபரேஷன் ஆனவங்க, அதுக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து சாப்பிட்டுட்டு இருந்தவங்க. அதே வருஷம் ஷாங்காய்ல இருந்து டைப் 2 உள்ள 59 வயசுக்காரர் ஒருத்தரைப் பத்தியும் ஆய்வு வந்தது. அவரும் முன்னாடியே சிறுநீரகம் மாத்தினவர். ஆக, ரெண்டு ஆய்வு, ரெண்டு ஆள், ரெண்டு பேருமே உறுப்பு மாத்தினவங்க. இதுல எங்கப்பா எங்க வர்றார்? எங்கேயும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான்"னு அந்த ஆய்வு சொல்லலை. சொன்னது நான்.

இதுல வெட்கம் என்னன்னா, நான் பிழைக்கிற பிழைப்பே அளக்கிற பிழைப்பு. நொய்டாவுல வண்டி உதிரிபாகம் செய்யற கம்பெனியில குவாலிட்டி டிபார்ட்மென்ட். எங்க ஷாப்ல ஒரு புது கேஜ் வந்தா உடனே லைன்ல விட மாட்டோம். பத்து பார்ட் எடுத்து, மூணு பேரை விட்டு, ஒவ்வொருத்தரையும் ரெண்டு மூணு தடவை அளக்கச் சொல்லுவோம். முதல் ஆள் என்ன அளந்தார்னு அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. எல்லார் கையிலயும் ஒரே அளவு வந்தாதான் கேஜுக்கு ஸ்டிக்கர். இருபது ரூபாய் புஷ்ஷுக்கே இந்தப் பாடு. பெத்த அப்பாவோட உடம்புக்கு ஒரே ஒரு அளவைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.

சரி, மருத்துவத்துல மட்டும்தான் இந்தக் கூத்தான்னா, இல்லை. எல்லாத் துறையிலயும் இதே கதைதான்.

பொருள் இயற்பியல். 2023 ஜூலை 22ல தென்கொரியாவுல இருந்து ஒரு முன்பதிப்பு வந்தது. முன்பதிப்புன்னா வேற யாரும் சரிபார்க்கறதுக்கு முன்னாடியே இணையத்துல போடறது. எல்கே-99னு ஒரு கறுப்புக் கட்டி. ஈயம், தாமிரம், பாஸ்பேட் சேர்ந்தது. சாதாரண அறை வெப்பத்துல, சாதாரணக் காத்தழுத்தத்துல மின்தடையே இல்லாம மின்சாரம் கடத்தும்னாங்க. நடந்திருந்தா உலகமே மாறியிருக்கும். காந்தத்து மேல பாதி மிதக்கிற மாதிரி ஒரு வீடியோ வேற. நம்ம குரூப்புல எல்லாம் "இனி கரண்ட் பில்லே வராது"ன்னு ஒரே ஆட்டம்.

பத்து நாள்ல, இங்க டெல்லி பூசாவுல இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்துல அதே பொருளைச் செஞ்சு பார்த்துட்டு, "எங்களுக்கு வரலை"ன்னு எழுதினாங்க. சீனாவுல பெய்ஹாங் பல்கலைக்கழகத்துலயும் வரலை. ஆகஸ்ட்ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல கலப்பில்லாத படிகமா வளர்த்துப் பார்த்தாங்க. ஊதா நிறத்துல கண்ணாடி மாதிரி ஒரு பொருள், மின்தடையோ மில்லியன் ஓம் கணக்கு. கடத்தியே இல்லை! அப்ப முதல்ல மின்தடை சட்டுனு விழுந்ததே, அது ஏன்? கூடவே கலந்திருந்த தாமிர சல்பைடு. அது 104 டிகிரி பக்கத்துல நிலை மாறுற பொருள், அந்த இடத்துல தடையும் மாறும். அழுக்கு காட்டின வேடிக்கை.

அந்தப் பூசா ஆய்வகம் எனக்கு வேற விதத்துல நெருக்கம். எங்க ஷாப் கேஜ் ஒரு லேபுக்கு காலிப்ரேஷன் போகும், அந்த லேபோட கேஜ் மேல இன்னொரு லேபுக்குப் போகும். அந்தச் சங்கிலி நம்ம நாட்டுல போய் முடியற இடம் அதுதான். அது இருக்கிற ரோட்டுக்குப் பேரு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க். ஆள் யாருன்னு நினைக்கிறீங்க? எங்க ஊருக்குப் பக்கத்துல வத்திராயிருப்புல 1898ல பிறந்தவர். 1928ல ராமனோட சேர்ந்து அந்த ஒளிச்சிதறல் வேலையைச் செஞ்சவர். அந்த ஆய்வகத்தோட முதல் இயக்குநர். கரோல்பாக்ல தோசை மாவு வாங்கப் போற நம்மாளுங்கள்ல எத்தனை பேருக்கு அந்த போர்டு கண்ணுல பட்டிருக்கும்?

"கண்டுபிடிச்சாச்சு"ன்னு வந்த நாள் எல்லா சேனல்லயும் கொட்டை எழுத்து. "எங்களுக்கு வரலை"ன்னு நம்ம டெல்லிக்காரங்க சொன்னதை உங்கள்ல எத்தனை பேர் ஃபார்வர்டு பண்ணினீங்க? நானும் பண்ணலை.

அடுத்து கம்ப்யூட்டர். கொரோனா வந்த 2020ல, மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்தே கம்ப்யூட்டர் கொரோனாவைச் சொல்லிடும்னு ஆய்வுகள் கொட்டின. கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவங்க முன்னின்னு செஞ்ச ஒரு குழு 2,212 ஆய்வுகளைத் தேடி எடுத்துச் சலிச்சது. தரம் பார்த்துத் தேறினது 62. அந்த 62லயும் ஆஸ்பத்திரியில வச்சுப் பயன்படுத்தற தரத்துல எத்தனைன்னு 2021ல எழுதினாங்க. பூஜ்யம். காரணத்துல ஒண்ணு கேளுங்க. நோய் இல்லாதவங்க படம் வேணும்னு சிலர் எடுத்தது ஒண்ணுலேருந்து அஞ்சு வயசுக் குழந்தைங்களோட எக்ஸ்ரே. நோய் உள்ளவங்க படமோ பெரியவங்களோடது. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டது கொரோனாவை இல்லை, இது குழந்தை, இது பெரியவர்ங்கிறதை! மார்க் மட்டும் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல.

திரும்ப மருந்துக்கே வருவோம். 2020 மே 22ல 'லான்செட்'ல ஒரு ஆய்வு. 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளிகள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தா ஆபத்துன்னு. மூணே நாள்ல உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில அந்த மருந்தை நிறுத்தி வச்சது. அப்புறம், "அந்த விவரத்தை வெளியாள் ஒருத்தர் பார்க்கணும், காட்டுங்க"ன்னு கேட்டா, விவரம் வச்சிருந்த கம்பெனி காட்டலை. ஜூன் 4ல கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. உடனே நம்ம ஆளுங்க, "பார்த்தியா, அந்த மாத்திரை நல்லதுதான்"னு ஆரம்பிச்சாங்க. மறுநாளே இங்கிலாந்துல 'ரெகவரி'ங்கிற பெரிய சோதனையோட முடிவு வந்தது: ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்களுக்கு அந்த மாத்திரையால பலன் இல்லை. நல்லா கவனிங்க. பொய்யான கணக்கு சரிஞ்சதால எதிர்க்கட்சி ஜெயிச்சதா அர்த்தம் இல்லை. ஒழுங்கா அளந்தவன்தான் ஜெயிச்சான்.

"அப்ப அறிவியலையே நம்பாதேங்கறியா?"ன்னு கேப்பீங்க. நேர் எதிர். அதே ரெகவரி சோதனைதான் அதே மாசம் 16ம் தேதி டெக்ஸாமெதசோன்னு ஒரு பழைய, மலிவான மருந்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது. 2,104 பேருக்கு மருந்து, 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், யாருக்கு எதுங்கிறது சீட்டுக் குலுக்கின மாதிரி. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. அதே ஆய்வு இன்னொண்ணும் சொன்னது: ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்லை. அந்தப் பாதி ஃபார்வர்டு ஆகலை. 2021 ரெண்டாவது அலையில வீட்டுலயே ஸ்டீராய்டை முழுங்கி, சர்க்கரை எகிறி, கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவங்களை நாமளே பார்த்தோம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. இதைப் படிச்சதும், "அதான் சொல்றேன், நம்ம முன்னோர் சொல்லாததா"ன்னு கிளம்புவாங்க. ஐயா, உங்களுக்கும் அதே மூணு ஆள், பத்து பார்ட்தான். வாங்க, அளப்போம். தேறினா முதல் ஸ்டிக்கர் நானே ஒட்டறேன்.

இப்ப உங்க மேல உள்ள கோபம். நாம ஏன் இதை அனுப்பறோம்? ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போறோம். ஊசி போட்டுக்கிட்டாரான்னு தினம் போன் பண்ணிக் கேக்க நேரமில்லை. அதுக்குப் பதிலா ஒரு லிங்க். அனுப்பினதும் கடமை முடிஞ்ச மாதிரி ஒரு திருப்தி. அந்தப் பக்கம் அவங்க அதை லிங்க்காப் பார்க்கலை, பிள்ளை எழுதின கடுதாசியாப் பார்க்கறாங்க. வெளியூர்ல பெரிய வேலையில இருக்கிற பிள்ளைங்கிறதால டாக்டர் சொல்றதை விட நம்ம சொல்லுக்கு எடை அதிகம். அந்த எடையை வச்சுத்தான் நான் எங்கப்பாவை ஆஸ்பத்திரியில படுக்க வச்சேன்.

அதனால இனிமே நான் மூணு கேள்வி கேக்காம எதையும் அனுப்பறதில்லை. எத்தனை பேருக்குச் செஞ்சாங்க? யாரோட ஒப்பிட்டாங்க? வேற யாராவது திரும்பச் செஞ்சு வந்துச்சா? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, செய்தி எவ்வளவு இனிப்பா இருந்தாலும் அது என் போன்லயே கிடக்கும்.

இன்னொண்ணு. நம்ம வீட்டுப் பிள்ளைங்க நிறையப் பேர் இப்ப பெங்களூர், புனே, ஹைதராபாத்னு லேப்ல ஆராய்ச்சி பண்ணுதுங்க. லீவுக்கு வந்தா, "என்னடா, எதாச்சும் கண்டுபிடிச்சியா? எத்தனை பேப்பர்?"னு கேக்காதீங்க. "அடுத்தவன் சொன்னதைத் திரும்பச் செஞ்சு பார்த்தியா?"ன்னு கேளுங்க. "செஞ்சேன் மாமா, வரலை"ன்னு சொன்னா, ஒரு டம்ளர் காபி கூடப் போட்டுக் கொடுங்க. அவனுக்கு வேற யாரும் மாலை போடப் போறதில்லை.

அப்பா இப்ப பரவாயில்லை. புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு வேளை ஊசியும் நடக்குது. ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் பண்றேன், "போட்டாச்சாப்பா?"ன்னு கேக்கறேன். போன வாரம் யாரோ அனுப்பின ஒரு வெந்தய வைத்தியத்தை எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "இது எத்தனை பேருக்குச் செஞ்சதுடா? பார்த்துச் சொல்லு."

பார்த்துட்டு இருக்கேன்.