காரும் கொஞ்சம் மூச்சு விடட்டும்!

சகோதரிகளே, போன இதழில் காஸ் அடுப்பின் பர்னரைச் சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன். ஜுவாலை மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம் என்று சொன்னேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்க வீட்டுப் பையன் கார் இஞ்ஜினுக்கு அதிகக் காற்று போகிற மாதிரி ஏதோ மாட்டினால் பவர் கூடும் என்கிறான். நாலாயிரம் ரூபாய் கேட்கிறான். கொடுக்கலாமா?"

அடுப்பு பற்றி எழுதுகிற பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டுப் பணம்தானே அங்கேயும் போகிறது! அதோடு, போன மாதம் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

எங்களிடம் இருப்பது பழைய ஃபோர்டு ஐகான். 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்களே, அதேதான். 1999-ல் இங்கே மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்த வண்டி. 2022 ஜூலையில் கடைசிக் காரும் வெளியே வந்து அந்தத் தொழிற்சாலையில் கார் தயாரிப்பு நின்றது. எங்கள் ஐகான் மட்டும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியாருக்கு மூச்சிரைப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இழுப்பு வந்தால் தாம்பரம் சானடோரியம் வரை போக எங்களுக்கு அந்த வண்டிதான் துணை. வேகம் கூடுகிறதோ இல்லையோ, சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும்.

என் தம்பி மகன் எங்களோடு தங்கி வேலைக்குப் போகிறான். "அத்தை, அந்த ஃபில்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் வருது, அதை மாட்டினா வண்டி சும்மா பறக்கும்!" என்றான். பறப்பதெல்லாம் அப்புறம், முதலில் எனக்குப் புரிய வை என்று உட்கார்த்தி வைத்தேன். தெரிந்தவரை சொன்னான். மிச்சத்தை எங்கள் தெரு முனை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெட்ரோல் தனியாக எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நம் கார் சுமார் 9,000 லிட்டர் காற்றைக் குடிக்கிறது! அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோல் எரியும், அதிகச் சக்தி கிடைக்கும். ஊதாங்குழல் பிடித்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பையன் சொல்வது அடிப்படையில் சரிதான்.

ஆனால் எந்தக் காற்று என்று ஒரு கேள்வி இருக்கிறது. சூடான காற்று லேசானது. 30 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்றில் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைவான சரக்குதான் இருக்கும். கம்பெனிக்காரர்கள் டப்பாவுக்குள் ஃபில்டரை மூடி, ஒரு குழாயை முன்பக்கம் நீட்டி வைத்திருப்பதே வெளிக்காற்று குளிர்ச்சியாக வரட்டும் என்றுதான். டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பைத் திறந்தபடி மாட்டினால், அது இஞ்ஜினின் அனலையே உறிஞ்சும். சித்திரை வெயிலில், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்.

"அப்ப எப்படி அத்தை வேகமாப் போற மாதிரி இருக்குங்கறாங்க?" என்றான். சத்தம்தான் காரணம். அந்த டப்பாவும் அதோடு ஒட்டின சிறு அறையும் உறிஞ்சும் சத்தத்தை அடக்குவதற்கும் சேர்த்துத்தான் வைத்தவை. அவை போனால் வண்டி உறுமும். குக்கர் ஜாஸ்தி விசில் அடித்தால் பருப்பு நன்றாக வெந்துவிட்டது என்று ஆகிவிடுமா? இஞ்ஜின் மூச்சு முழுவதும் ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போகிறது. ஒரு வாசலை மட்டும் அகலப்படுத்தினால் சாதாரண வண்டியில் கிடைப்பது சொற்பம். பந்தயக்காரர்கள் சோழவரத்திலும், 1990-க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டிய கதைகளைத் தம்பி மகன் சொன்னான். பந்தய இஞ்ஜினை அடிக்கடி பிரித்து மாற்றுவார்கள். நாம் ரிங் பிஸ்டனைப் பத்து வருஷம் தொடாமல் ஓட்ட வேண்டியவர்கள். நம் ரோட்டுப் புழுதி உள்ளே போனால் அது உப்புத்தாள்தான்.

குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைக் கீழே பம்பருக்கு அருகே இறக்குவது என்று இன்னொரு வகை உண்டாம். அதைக் கேட்டதும் எனக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் மிதந்ததை யார் மறப்போம்? காற்றுக்குழாய் தாழ இருந்தால் முழங்கால் தண்ணீரிலேயே இஞ்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வளைந்துவிடும். இதற்காகத் தனியாகப் பணம் கட்டியிருந்தாலொழிய, சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள். கைக்குழந்தையோடு போகிற இளம் தாய்மார்களுக்கு இது அவசியம்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டுமே என்று அதே வருஷம் சட்டத் திருத்தமும் வந்தது.

பையன் முகம் சுருங்கிப் போயிற்று. "சரி, டப்பாவைத் திறந்துதான் பார்ப்போமே" என்றேன். இஞ்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டுத்தான் திறந்தோம். ரேடியேட்டர் மின்விசிறி வண்டி நின்ற பிறகும் சில சமயம் தானே சுற்றும். முந்தானையைச் செருகி, பின்னலைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டே போங்கள். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

மூடியைத் திறந்தால், ஐயோ! குழாய்க்குள் எலி கூடு கட்டியிருந்தது. தென்னை நார், வேப்பிலை, எங்கள் வீட்டுக் கரித்துணி வேறே! முன்பக்கம் நீண்டிருக்க வேண்டிய குழாய் கழன்று கிடந்தது. அதனால் வண்டி இத்தனை நாளும் அனலைத்தான் உறிஞ்சியிருக்கிறது. டப்பாவிலிருந்து இஞ்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு விரிசல். ஃபில்டர் காகிதமோ செம்மண் நிறம். பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சமே வரவில்லை.

கூட்டை எடுத்தோம். டப்பாவின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காய வைத்தோம். முன்குழாயை அதன் இடத்தில் பொருத்திக் கிளிப் போட்டோம். புதுக் காகித ஃபில்டரும் ரப்பர் குழாயும் சில நூறு ரூபாய்தான். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், விணாகிவிடும். லேசான தூசியென்றால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்தால் போதும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல ரோட்டுக்கு. நம் பக்கத்துப் புழுதிக்குப் பாதியிலேயே பாருங்கள்.

மைலேஜ் கூடுமா என்று கேட்பீர்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்ததில், கம்ப்யூட்டர் வைத்த இஞ்செக்ஷன் வண்டிகளில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடவில்லை. வேகம் எடுப்பதுதான் நூற்றுக்கு ஆறிலிருந்து பதினொன்று வரை தேறியது. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும்.

எங்கள் வண்டி வண்டலூர் மேம்பாலத்தில் நாலு பேரோடு, ஏ.சி. போட்டபடி ஏறும்போது முன்பு இரண்டாவது கியருக்கு இறங்கும். இப்போது மூன்றிலேயே ஏறுகிறது. மாமியார் பின்சீட்டிலிருந்து, "என்னடி, வண்டி முனகாமப் போறதே!" என்றார்.

கூடுவாஞ்சேரி சகோதரிக்கு: நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஐந்நூறோ அறுநூறோ கொடுத்து, கழற்றின பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். எலிக்கூடு இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.