நடமாடும் மரமில்லை வாடகைக்கு அழைக்கும் முன்...

விளைநிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பியது. நிலத்தையும் மரங்களையும் இணையதளத்தில் பதிவு செய்தவர்கள், 10 மரம் வரை படம் ஏற்றியே தடையின்மைச் சான்று பெறலாம். அதற்கு மேல் நேரடி ஆய்வு உண்டு. மாநில அரசு ஏற்று அறிவித்தால்தான் இது இங்கே செல்லும்.

மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி வட்டார விவசாயிக்குச் சிக்கல் வெட்டிய பிறகுதான். வேம்பையும் வாகையையும் விறகு விலைக்கு எடை போட்டுக் கொடுப்பதா, மரமில்லை நிலத்துக்கே வரவழைத்துப் பலகையாக்குவதா?

முதலில் சட்டம். கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுகளால் மரமில்களுக்குக் கட்டுப்பாடு இறுகியது. 2016-ல் வந்த மத்திய வழிகாட்டுதலும் உருட்டு மரத்தை விசையால் அறுப்பதை மரமில் என்றே கணக்கில் எடுக்கிறது. சக்கரத்தில் வருகிறது என்பதற்காக உரிமம் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். இயந்திரக்காரரிடம் உரிமத்தைக் கேளுங்கள், வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மரம் உங்கள் பட்டாவில் நின்றது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று கையில் இருக்கட்டும். கண்மாய்க் கரை மரம், சாலையோர மரம் உங்களுடையதல்ல. பனைக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

அடுத்தது அளவு. சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வியாபாரக் கணக்கு. 4 அடி சுற்று, 8 அடி நீளத் துண்டுக்கு 8 கன அடி வரும். உண்மையான கன அளவோ 10 கன அடிக்கு மேல். பட்டைக்கும் கழிவுக்கும் விட்ட இந்த வித்தியாசம் வியாபாரிக்குச் சாதகம். ஆனால் நம் மரங்கள் கோணலும் கணுவுமானவை. அறுத்தால் பாதிதான் பலகையாகத் தேறும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ஒன்றிரண்டு மரத்துக்காக இயந்திரத்தை அழைத்தால் வண்டிக் கூலியே விழுங்கிவிடும். பக்கத்து நிலத்தார் நான்கைந்து பேர் சேர்ந்து அழைத்தால் கட்டும்.

எந்த ரம்பம் என்றும் கேளுங்கள். பட்டை ரம்பம் ஒரு வெட்டுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் தூளாக்கும். சங்கிலி ரம்பம் 8 மில்லிமீட்டர் வரை தின்னும். பத்து வெட்டில் மூன்று ஓரங்குலப் பலகை தூளாகப் போகும். சீமைக் கருவேலம் உறுதியான மரம்தான், ஆனால் கரிமூட்டத்துக்காக அடிக்கடி வெட்டித் துளிர்த்த மெல்லிய தூருக்கு மரமில் வீண் செலவு. வீட்டோர வேம்பில் மாடு கட்டிய ஆணி, வேலிக் கம்பி புதைந்திருக்கும். ரம்பம் அறுந்தால் செலவு யாருடையது என்று முன்பே பேசி முடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் வண்டி இறங்காது, புதைந்துவிடும். மாசியில் அறுவடை முடிந்த பிறகு அழையுங்கள். அப்போது வெயிலும் காற்றும் கடுமை என்பதால் பலகை வெடிக்கும். வெட்டுமுனைகளில் அன்றே பழைய பெயிண்டைப் பூசி, கல் மேல் குறுக்குச் சட்டம் வைத்து, நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஓரங்குலப் பலகை நன்றாகக் காய ஓராண்டு ஆகலாம். உடனே பணம் வேண்டும் என்றால் உருட்டாகவே விற்றுவிடலாம். ஆனால் எடைக்கு அல்ல, அளந்து.